சுருங்கிய தாடையை எவ்வளவு நம்பலாம்? ஒட்டுண்ணிக் கடற்புழுக்களை வகைப்படுத்தும் நான்கு வழிகள்

கடலடிச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பாலிகீட் புழுவை, அதாவது உடலில் மயிர்முட்கள் கொண்ட கடல் வளையப்புழுவை, அறுத்துப் பார்க்கிறோம். அதன் உடற்குழிக்குள், குடலை ஒட்டினாற்போல, இன்னொரு புழு நீளவாக்கில் கிடக்கிறது. தலையில் உணர்கொம்பு எதுவும் இல்லை. பக்கக்கால்கள் வெறும் புடைப்புகளாக இருக்கின்றன. தொண்டையைத் திறந்தால் கருப்பாகச் சில சிறு தகடுகள் மட்டும் தெரிகின்றன. இது எந்தக் குடும்பம், எந்தப் பேரினம்?

இதற்கு விடை தேட நான்கு வழிகள் உண்டு. தாடையைப் பார்க்கலாம், மற்ற உடலமைப்பைப் பார்க்கலாம், எந்த ஓம்புயிரில், அதாவது ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரில், இருந்தது என்று பார்க்கலாம், டி.என்.ஏ.வைப் படிக்கலாம். நான்கும் ஒரே விடையைத் தந்தால் சிக்கலே இல்லை. ஒட்டுண்ணிகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எதை முதலில் எடுப்பது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சியிருக்கும் தாடைத் தகட்டின் வடிவமும் அது தாங்கப்பட்டிருக்கும் விதமும் மிக நல்ல சான்றுகள். குடும்பம் வரைக்கும் அவற்றை நம்பிப் போகலாம். ஆனால் காணாமல் போன தகடுகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்துப் பேரினங்களைப் பிரிப்பது சரியல்ல. ஒட்டுண்ணிப் புழுக்களின் வகைப்பாட்டில் இன்றுவரை நீடிக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தது.

தாடை ஏன் இவ்வளவு பேசுகிறது

பாலிகீட்களில் ஒட்டுண்ணி வாழ்க்கை அரிது. 1998-இல் வெளியான விரிவான தொகுப்பு ஒன்று, பிற உயிர்களோடு தீங்கின்றிச் சேர்ந்து வாழும் பாலிகீட்களாக 292 இனங்களையும் ஒட்டுண்ணிகளாக 81 இனங்களையும் பட்டியலிட்டது. அந்த ஒட்டுண்ணிகள் 13 குடும்பங்களில் சிதறிக் கிடந்தன. அதாவது ஒட்டுண்ணி வாழ்க்கை இந்தப் புழுக்களில் ஒருமுறை தோன்றிப் பரவியதல்ல. பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

தாடையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் யூனிசிடா என்னும் வரிசையைச் சுற்றியே நடக்கிறது. பிற உயிரின் உடலுக்குள் வாழும் பாலிகீட்களில் குறிப்பிடத்தக்கவை இந்த வரிசையில்தான் இருக்கின்றன. இதன் புழுக்களுக்குத் தொண்டையின் அடிப்பக்கத்தில் ஓர் இணை கீழ்த்தாடையும், மேல்பக்கத்தில் பல துண்டுகளாலான மேல்தாடைத் தொகுதியும் உண்டு. மேல்தாடைத் துண்டுகளைப் பின்னாலிருந்து முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு அழைப்பது வழக்கம். முதல் இணைக்குப் பின்னால், தசை பற்றிக்கொள்ளும் இடமாக, தாங்கிகள் இருக்கும். முழுத் தாடையுள்ள ஒரு புழுவில் இதைப் பார்த்தவர்களுக்கு, ஏன் இதையே வகைப்பாட்டின் அச்சாக எடுத்தார்கள் என்பது உடனே விளங்கும். அவ்வளவு தெளிவான, வரைந்து காட்டத்தக்க அமைப்பு பாலிகீட்டின் உடலில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய விலங்கியலாளர் எஹ்லர்ஸ் இந்தத் தாடைகளை இரண்டு பெரும் வகைகளாகப் பிரித்தார். லாபிடோக்னாத் வகையில் தாங்கிகள் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், துண்டுகள் வளைவாக அடுக்கியிருக்கும். யூனிசிடே, ஒனுஃபிடே குடும்பங்கள் இதில் வரும். பிரியோனோக்னாத் வகையில் தாங்கிகள் நீண்டு மெலிந்திருக்கும், துண்டுகள் பல்வரிசை கொண்டு ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும். ஓனோனிடே குடும்பம் இந்த வகை. பிறகு 1966-இல் போலந்தின் தொல்லுயிரியலாளர் சோஃபியா கீலன்-யாவோரோவ்ஸ்கா, ஆர்டோவிசியன், சிலூரியன் காலப் பாறைகளிலிருந்து அமிலத்தில் கரைத்து எடுத்த தாடைத் தொகுதிகளை ஆராய்ந்து மேலும் சில வகைகளைச் சேர்த்தார். அவற்றுள் ஒன்றான டினோக்னாத், ஏராளமான நுண்துண்டுகள் வரிசைகளாக அமைந்தது. இன்று வாழும் டோர்வில்லிடே குடும்பத்தில் அதைக் காணலாம்.

ஆர்டோவிசியன் காலம் தொடங்கியது சுமார் 48.5 கோடி ஆண்டுகளுக்கு முன். மென்னுடல் புழுக்கள் பாறையில் மிக அரிதாகவே பதியும். தாடை மட்டும் தங்கிவிடும். அதனால் இன்றைய புழுக்களையும் அந்தக் காலப் புழுக்களையும் ஒரே மரத்தில் வைக்க வேண்டுமென்றால் தாடையைத் தவிர வேறு பாலம் இல்லை. டி.என்.ஏ. வந்துவிட்டது, இனித் தாடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

தாடை தனியாக வென்ற இடமும் உண்டு. ஐரோப்பிய சிங்கி இறாலின் செவுள் அறையில் ஹிஸ்ட்ரியோப்டெல்லா ஹோமாரி என்னும் சிறு உயிர் வாழ்கிறது. பெல்ஜியத்தின் வான் பெனெடன் 1858-இல் அதை விவரித்தார். பின்முனையில் இரண்டு கால்கள், அவற்றைக் கொண்டு செவுள் மேல் நடந்து திரியும் பழக்கம், மயிர்முட்கள் அறவே இல்லாத உடல் என்று எந்தப் பாலிகீட்டைப் போலவும் அது இல்லை. அட்டை இனத்தோடு சேர்க்கும் யோசனை கூட ஒரு காலத்தில் இருந்தது. அதன் தாடையைக் கவனமாகப் பார்த்தபோதுதான், கீழ்த்தாடையும் மேல்தாடைத் துண்டுகளும் தாங்கிகளும் யூனிசிடா வரிசையின் திட்டப்படியே இருப்பது புரிந்தது. அதன் நெருங்கிய உறவான ஸ்ட்ராட்டியோட்ரைலஸ் நன்னீர் நண்டிறால்களின் மேல் வாழ்கிறது. உடல் முழுவதும் உருமாறிப்போன ஓர் உயிரின் உறவைத் தாடை ஒன்றே காட்டிக்கொடுத்தது என்பதை நான் இந்தத் துறையின் அழகான வெற்றிகளில் ஒன்றாகக் கருதுகிறேன். ஆனால் கவனியுங்கள், அங்கே தாடை சுருங்கவில்லை. ஹிஸ்ட்ரியோப்டெல்லா செவுளின் மேல் படியும் நுண்ணுயிர்களை மேய்வது. அதற்குத் தாடை தேவைப்பட்டது, அதனால் முழுதாக நிலைத்தது.

புற ஒட்டுண்ணிகள் சிலவற்றிலும் இதே நிலைதான். நேப்பிள்ஸ் பகுதியில் விலாங்குகளின் துடுப்பில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் இக்தியோட்டோமஸ் சாங்குவினாரியஸ் புழுவை ஐசிக் 1906-இல் பெரிய ஆய்வாக வெளியிட்டார். அது யூனிசிடா வரிசையைச் சேர்ந்ததல்ல. அதன் வாயில் கத்தரிக்கோல் போல் இயங்கும் இரண்டு ஊசிகள் இருக்கின்றன. தோலுக்குள் நுழைந்ததும் விரிந்து, புழுவை அங்கேயே பூட்டிவிடும். தாடை குறையவில்லை, வேறொன்றாக மாறியிருக்கிறது. இப்படி மாறிய தாடை தன் இனத்தை அடையாளம் காட்டும், உறவினரை அவ்வளவு எளிதில் காட்டாது. ஆகவே ஒட்டுண்ணி என்றாலே தாடை தேயும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தேய்வது பெரும்பாலும் உடற்குழிக்குள் முழுதாகப் புகுந்துவிட்ட அக ஒட்டுண்ணிகளில்தான்.

தேய்ந்த தாடையில் தொடங்கும் சிக்கல்

ஓனோனிடே குடும்பத்தின் சுதந்திரமாக வாழும் புழுக்களை முதலில் பார்ப்போம். நீண்டு மெலிந்த, மண்புழு போன்ற உடல். கூம்பு வடிவத் தலை, பெரும்பாலானவற்றில் உணர்கொம்பே இல்லை. மயிர்முட்கள் எளியவை. மேல்தாடையில் பொதுவாக நான்கு அல்லது ஐந்து இணைத் துண்டுகள், பின்னால் இரண்டு நீண்ட தாங்கிகள், கூடவே ஒற்றைத் தாங்கி ஒன்று. வெளித்தோற்றத்தில் பிரித்தறிய அதிகம் இல்லாததால், பேரினங்களைத் தாடையை வைத்தே பிரித்தார்கள். அராபெல்லா, ட்ரைலோனெரெய்ஸ், நோட்டோசிர்ரஸ் எல்லாம் இப்படித்தான் வரையறுக்கப்பட்டன. அதில் பெரிய தவறில்லை, ஏனென்றால் எல்லாத் துண்டுகளும் கண் முன்னால் இருந்தன.

இதே முறையை ஒட்டுண்ணிகளுக்கும் அப்படியே நீட்டினார்கள். 1882-இல் நேப்பிள்ஸில் பொனேலியா என்னும் பச்சைநிறக் கடற்புழுவின் உடலுக்குள் ஸ்பெங்கெல் கண்டது ஆலிகோக்னாதஸ் பொனெல்லியே. 1886-இல் டெரிபெல்லிடஸ் புழுவின் குடலைச் சுற்றிய ரத்தப் பையிலிருந்து விரேன் விவரித்தது ஹீமட்டோக்ளெப்டிஸ். 1888-இல் சிலிட் குடும்பப் புழுக்களின் உடற்குழியிலிருந்து சேன்-ஜோசப் விவரித்தது லாப்ரோராஸ்ட்ராடஸ். அதில் கீழ்த்தாடை நன்றாக இருக்கும், மேல்தாடை சிறுத்திருக்கும். இருபதாம் நூற்றாண்டில் இன்னும் சில பேரினங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் வரையறையிலும் இத்தனை இணை மேல்தாடை உண்டு, கீழ்த்தாடை உண்டு அல்லது இல்லை என்கிற வாசகம் முக்கிய இடம் பிடித்தது. பல பேரினங்களில் ஓரிரு இனங்கள்தான், அதுவும் விரல்விட்டு எண்ணத்தக்க மாதிரிகளிலிருந்து. அண்மைக் காலத்தில் கரீபியன் கடலில் ஒரு நெரெய்டிட் புழுவின் உடற்குழியிலிருந்து லாப்ரோராஸ்ட்ராடஸில் இன்னோர் இனம் விவரிக்கப்பட்டபோது, பேரினத்தின் வரையறையையே திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஒரு புதிய இனம் வந்தாலே அசையும் வரையறை, எந்த அளவுக்கு இயற்கையின் எல்லையைக் காட்டுகிறது?

சிக்கல் பல அடுக்குகளில் இருக்கிறது. முதலாவது, எஞ்சிய துண்டு எது என்ற கேள்வி. ஐந்து இணை இருந்த இடத்தில் மூன்று இணை இருக்கிறது என்றால், போனது முன்னால் இருந்த இரண்டா, பின்னால் இருந்ததா, அல்லது இரண்டு ஒட்டி ஒன்றானதா? பல் கொட்டிய வாயில் நான்கு பல் மிஞ்சியிருந்தால், ஒவ்வொன்றின் வடிவத்தையும் பார்த்து எது கடைவாய்ப்பல் எது முன்பல் என்று சொல்லிவிடலாம். வெறுமனே நான்கு என்று எண்ணினால் ஒன்றும் தெரியாது. தாடையிலும் அதே கதைதான். ஆனால் சுருங்கிய துண்டுகள் தம் வடிவத்தையும் பல்வரிசையையும் கூட இழந்து வெறும் தகடாக நிற்கும்போது, எந்தத் துண்டு எது என்று சொல்லும் வழியும் அடைபட்டுவிடுகிறது. இரண்டு புழுக்களில் ஒரே எண்ணிக்கை என்பதற்காக இரண்டும் ஒரே துண்டுகள் என்று பொருளாகாது.

இரண்டாவது, எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது, வயது. ஓனோனிடே குடும்பத்தில் எல்லா ஒட்டுண்ணிகளும் வாழ்நாள் முழுக்க ஒட்டுண்ணிகள் அல்ல. நோட்டோசிர்ரஸ் ஸ்பைனிஃபெரஸ் இளமையில் டயோபாட்ரா புழுவின் உடற்குழிக்குள் வளர்கிறது, முதிர்ந்தபின் வெளியே தனித்து வாழ்கிறது. அமெரிக்க விலங்கியலாளர் மரியன் பெட்டிபோன் 1957-இல் இந்தக் குடும்பத்தின் அக ஒட்டுண்ணிகளைத் தொகுத்து எழுதியபோது இப்படிப்பட்டவற்றையும் சேர்த்தே பேசினார். ட்ரைலோனெரெய்ஸ் இனங்கள் சிலவற்றிலும் இளம் புழுக்கள் ஒட்டுண்ணிகள். இப்போது யோசித்துப் பாருங்கள். ஓம்புயிருக்குள் கிடைத்த ஒரே ஒரு புழு, தாடை அரைகுறையாக இருக்கிறது. அது தாடை தேய்ந்த ஒட்டுண்ணிப் பேரினமா, தாடை இன்னும் வளராத இளம் ட்ரைலோனெரெய்ஸா? முட்டையோ விந்தணுவோ முதிர்ந்து தெரிந்தால் ஒழிய, தாடையை மட்டும் பார்த்து இதைச் சொல்ல வழியில்லை. முதிர்ச்சியைப் பற்றி ஒரு வரி கூடச் சொல்லாத விவரிப்பைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பேரினத்தை நான் ஐயத்துடனேயே வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, இல்லாமை ஒட்டுண்ணிக்கு மட்டும் உரியதல்ல. ட்ரைலோனெரெய்ஸில் சுதந்திரமாக வாழும் முதிர்ந்த புழுக்களிலேயே கீழ்த்தாடை மிகச் சிறியது, சிலவற்றில் இல்லவே இல்லை. யூனிசிடே, ஒனுஃபிடே குடும்பங்களில் மூன்றாம் மேல்தாடை இடப்பக்கம் மட்டும்தான் உண்டு. வலப்பக்கம் இல்லாதது தேய்வல்ல, அந்தக் குலத்தின் இயல்பு. ஆகவே ஒரு துண்டு இல்லை என்றவுடன் ஒட்டுண்ணி வாழ்வால் போனது என்று எழுதக்கூடாது. டோர்வில்லிடேயில் இன்னொன்றும் சேர்கிறது. ஒஃப்ரியோட்ரோக்கா இனங்கள் வளரும்போது மேல்தாடையைக் கழற்றிவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்கின்றன, வடிவமும் மாறுகிறது. கழற்றிய நேரத்தில் பிடிபட்ட புழுவும் முழுத் தாடையோடு பிடிபட்ட புழுவும் இரண்டு இனங்கள் போலத் தெரியும்.

நண்டுகளின் செவுள் அறையிலும் சங்கு நண்டுகளின் கூட்டிலும் வாழும் இஃபிடைமி, இப்படிப்பட்ட குழப்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் அதற்கென்றே இஃபிடிமிடே என்று தனிக் குடும்பம் இருந்தது. இப்போது அது டோர்வில்லிடேக்குள், ஒஃப்ரியோட்ரோக்காவுக்கு அருகில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒஃப்ரியோட்ரோக்காவிலேயே ஜெரியான் நண்டின் செவுளில் வாழும் இனம் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தனிக் குடும்பம் என்பது எவ்வளவு மிகையான உயரம் என்று தெரியும்.

அப்புறம், ஆய்வகத்திலேயே உண்டாகும் இல்லாமையும் இருக்கிறது. யூனிசிடே, ஒனுஃபிடே தாடைகளில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கிறது. நடுநிலைப்படுத்தாத ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகும், அமிலத்தில் அது கரையும். உடலைத் தெளிவாக்க லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்தாலும் அப்படித்தான். பழைய குப்பியில் கிடந்த புழுவின் கீழ்த்தாடை மெலிந்திருந்தால், புழுவைக் குறை சொல்லும் முன் குப்பியைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

தாடையே இல்லை என்பதை வைத்து உறவு சொல்ல முயன்றதன் விளைவை டைனோஃபிலிடேயில் பார்க்கலாம். இவை ஒட்டுண்ணிகள் அல்ல, மிகச் சிறிய கடற்புழுக்கள். டோர்வில்லிடே கிளையிலிருந்து வந்து, உடல் குறுகிக் குழந்தைப் பருவத்திலேயே முதிர்ந்து தாடையை இழந்தவை என்று ஒரு கருத்து உடலமைப்பு ஆய்வாளர்களிடம் இருந்தது. 2005-இல் ரைபோசோம் மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வு, அவை யூனிசிடாவிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டியது. இல்லாத தாடை எந்தத் தாடையின் இழப்பு என்று எப்படிச் சொல்வது? எந்தக் கிளையிலிருந்தும் அதைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

மற்ற உடலமைப்பு

இது துணைக்கு உதவும், தனித்து நிற்காது. ஓனோனிடேயையும் அதே வரிசையின் இன்னொரு குடும்பமான லம்ப்ரினெரிடேயையும் வெளியிலிருந்து பார்த்தால் குழம்பும். லம்ப்ரினெரிடேயில் உறைமூடிய கொக்கி மயிர்முட்கள் உண்டு, ஓனோனிடேயில் கிடையாது. தாங்கிகளின் நீளமும் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குடும்பம் உறுதியாகும். ஆனால் அக ஒட்டுண்ணியில் மயிர்முட்களும் பக்கக்கால்களும் தாடையைப் போலவே தேய்கின்றன. ஒரே காரணத்தால் தேய்ந்த மூன்று உறுப்புகளை மூன்று தனிச் சான்றுகளாக எண்ணினால் ஒரே சாட்சியை மூன்று தடவை கூப்பிட்டதாகிவிடும். பண்பு அட்டவணை போட்டு உறவுமரம் வரையும்போது இது பெரிய பிழையில் கொண்டுவிடும். ஒட்டுண்ணிகள் எல்லாம் வெவ்வேறு கிளையிலிருந்து வந்திருந்தாலும் மரத்தில் ஒரே கொத்தாக ஒட்டிக்கொள்ளும்.

ஓம்புயிரை வைத்துச் சொல்வது

ஆசையைத் தூண்டும் வழி இது, ஏனென்றால் எளிது. அதே ஓம்புயிரில் அதே மாதிரி ஒட்டுண்ணி முன்பே பதிவாகியிருந்தால், அதுவாகத்தான் இருக்கும் என்று மனம் சொல்லும். தரவு அப்படிச் சொல்லவில்லை. டெரிபெல்லிடஸ் பேரினத்தின் ஓர் இனத்தில் ஹீமட்டோக்ளெப்டிஸ் வாழ்கிறது, கலிஃபோர்னியா வளைகுடாவில் அதே பேரினத்தின் இன்னோர் இனத்திலிருந்து லாப்ரோராஸ்ட்ராடஸ் விவரிக்கப்பட்டது. டயோபாட்ராவுக்குள் நோட்டோசிர்ரஸும் கிடைக்கிறது, அராபெல்லா எண்டோனாட்டாவும் கிடைக்கிறது. மறுபுறம் ஆலிகோக்னாதஸ் என்ற ஒரே பெயரின்கீழ் பொனேலியாவில் ஓர் இனமும் ஸ்பயோனிட் புழுவில் இன்னோர் இனமும் இருக்கின்றன.

ஓம்புயிரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், இனம் வரை அடையாளம் கண்டு, அதன் உடலையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். வகைப்பாட்டில் அதற்குக் கொடுக்க வேண்டிய எடை அதோடு சரி. வெனரிசெர்வா போன்ற டோர்வில்லிடே அக ஒட்டுண்ணி, தெற்குக் கலிஃபோர்னியாவிலும் அண்டார்டிக் கடலிலும் அஃப்ரோடிட்டிடே குடும்பப் புழுக்களுக்குள்ளேயே கிடைப்பது சுவையான செய்திதான். அது அந்தப் பேரினத்தின் வாழ்க்கை முறையைச் சொல்கிறது. பேரினத்தின் எல்லையைச் சொல்வதற்கு வேறு சான்று வேண்டும்.

டி.என்.ஏ.

டி.என்.ஏ. இந்தத் துறையில் செய்த இரண்டு திருத்தங்களைச் சொன்னால் அதன் வலு புரியும். வெண்கடலில் ஒரு ஸ்பயோனிட் புழுவின் மேல் ஒட்டி வாழும் சிறு உயிர், 1985-இல் அசீட்டோகலாமிசாஸ் லாவோனிக்கோலா என்று புதிய ஒட்டுண்ணிப் பேரினமாக விவரிக்கப்பட்டு, கலாமிசிடே என்னும் ஒட்டுண்ணிக் குடும்பத்தில் வைக்கப்பட்டது. 2008-இல் மரபணு வரிசையையும் நுண்ணமைப்பையும் பார்த்தபோது அது ஒட்டுண்ணியே அல்ல என்று தெரிந்தது. தான் ஒட்டியிருந்த அதே ஸ்பயோனிட் இனத்தின் குள்ள ஆண் அது! இன்று அந்த இனத்தின் பெயர் ஸ்கோலெலெபிஸ் லாவோனிக்கோலா. ஓம்புயிரும் ஒட்டுண்ணியும் ஒரே இனம். இதைச் சுருங்கிய உடலைப் பார்த்து மட்டும் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, அந்தக் கலாமிசிடே குடும்பமே. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளிலும் மீத்தேன் கசியும் இடங்களிலும் சிப்பிகளின் மேலுறைக் குழிக்குள் வாழும் நாட்டிலினியெல்லிடே என்று இன்னொரு குடும்பம் இருந்தது. 2013-இல் வெளியான ஆய்வு, இந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று உறவு என்றும், இரண்டுமே கிரைசோபெட்டாலிடே என்னும் சுதந்திரமாக வாழும் குடும்பத்துக்குள்ளிருந்து கிளைத்தவை என்றும் காட்டியது. சேர்ந்து வாழும் வாழ்க்கையால் உருமாறியதைத் தனிக் குடும்பம் என்று எடுத்துக்கொண்ட இன்னோர் இடம் இது.

அப்படியானால் தாடையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் டி.என்.ஏ.விடம் ஒப்படைத்துவிடலாமா? அக ஒட்டுண்ணிகளில் அதற்கென்று தனித் தடைகள் உண்டு. பொதுத் தொடக்கிகளை (பல உயிர்களிலும் ஒரு மரபணுவைப் பிரதியெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) போட்டு மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவைப் பெருக்கினால், ஒட்டுண்ணியின் குடலில் இருக்கும் ஓம்புயிரின் திசுவும் சேர்ந்து பெருகும். ஒட்டுண்ணியும் பாலிகீட், ஓம்புயிரும் பாலிகீட் என்பதால் கிடைத்த வரிசை பார்வைக்குச் சந்தேகம் எழுப்பாது. ஓம்புயிரின் வரிசையையும் தனியாக எடுத்து ஒப்பிடாமல் வெளியிடப்பட்ட ஒட்டுண்ணி வரிசையை நான் ஏற்கத் தயங்குவேன். சி.ஓ.ஐ. பாலிகீட்களில் பல சமயம் பெருகாமலே போகும். மைட்டோகாண்ட்ரியாவின் இன்னொரு மரபணுவான 16எஸ்-ஐக் கூடவே எடுப்பது நல்லது. ரைபோசோம் மரபணுவான 18எஸ் மெதுவாக மாறுவது, குடும்ப உறவைப் பார்க்க உதவும், நெருங்கிய இனங்களைப் பிரிக்காது.

பெரிய தடை வேறு. பெயர் சூட்டப்பட்ட இந்த ஒட்டுண்ணிகளில் பலவற்றின் மூலமாதிரிகள் (பெயர் சூட்டியபோது ஆதாரமாக வைத்த மாதிரிகள்) நூறாண்டுக்கும் மேலாகக் குப்பியில் இருப்பவை. ஃபார்மலினில் பதப்படுத்தியதில் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். புதிதாகக் கிடைத்த புழுவின் வரிசை கையில் இருந்தாலும், அது 1888-இன் லாப்ரோராஸ்ட்ராடஸா இல்லையா என்று அந்த வரிசை சொல்லாது. பழைய பெயரோடு புதிய புழுவை இணைக்கத் தாடை வரைபடம்தான் இருக்கிறது. தொல்லுயிர்த் தாடைகளுக்கு டி.என்.ஏ.வே கிடையாது.

எந்த நிலையில் எதை எடுப்பது

கையில் இருப்பது ஃபார்மலினில் பழைய ஒற்றை மாதிரி என்றால், தாடைதான் வழி. தலைப்பகுதியைக் கிளிசரினில் ஊறவைத்துத் தெளிவாக்கி, முடிந்தால் அறுக்காமலே நுண்ணோக்கியில் பாருங்கள். அறுக்காமலே உள்ளமைப்பை எக்ஸ் கதிரால் முப்பரிமாணத்தில் காட்டும் மைக்ரோ சி.டி. வசதி கிடைத்தால் இன்னும் நல்லது. தாங்கிகள் நீண்டவையா குட்டையா, ஒற்றைத் தாங்கி உண்டா, எஞ்சிய ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பல் எப்படி இருக்கிறது என்பதை வரைந்து வையுங்கள். குடும்பத்தை உறுதியாகச் சொல்லலாம். பேரினத்தை ஐயக்குறியோடு சொல்லலாம். புதிய பேரினம் வைக்கக்கூடாது, எவ்வளவு வித்தியாசமாகத் தெரிந்தாலும்.

புதிதாகக் கிடைத்த ஒரே மாதிரி என்றால், அதைப் பிரித்துப் பயன்படுத்த வேண்டும். தலையும் முன்பகுதியும் தாடைக்காக, வால்முனை அடையாளத்துக்காக. டி.என்.ஏ.வுக்கு நடுவுடலிலிருந்து குடலைத் தவிர்த்து உடற்சுவரின் சிறு துண்டு அல்லது ஓரிரு பக்கக்கால்கள் போதும். குடலைத் தவிர்ப்பது ஓம்புயிர்க் கலப்பைக் குறைக்கும். ஓம்புயிரிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துத் தனிக் குப்பியில், செறிந்த எத்தனாலில் வையுங்கள். மின்னணு நுண்ணோக்கிக்காகத் தாடையைப் பிரித்து எடுக்கும் ஆசை வரும். அதற்கு முன் அது உடலுக்குள் இருந்த நிலையிலேயே படம் எடுத்துவிட வேண்டும். சிறு துண்டுகள் திசுவைக் கரைக்கும் கரைசலில் தொலைந்துபோனால், பிறகு வருபவர் அதை உண்மையான இல்லாமை என்று படித்துவிடுவார்.

பல மாதிரிகள், பல அளவுகளில் கிடைத்தால் அது பெரும் வாய்ப்பு, அதைத் தவறவிடக்கூடாது. இங்கே நான் டி.என்.ஏ.வை முதலில் வைப்பேன். எல்லாம் ஒரே இனமா என்பதை அது சொல்லிவிடும். அப்புறம் சிறியதிலிருந்து பெரியது வரை தாடையை வரிசையாகப் பாருங்கள். துண்டுகள் வளர வளரச் சேர்கின்றனவா, குறைகின்றனவா, அப்படியே இருக்கின்றனவா? முட்டை முதிர்ந்த பெண்ணில் தாடை எப்படி? ஒரே ஓர் இனத்துக்கு இதை முழுமையாகச் செய்தால், பழைய பேரின வரையறைகளில் எவை நிற்கும் எவை விழும் என்று சொல்லத் தொடங்கலாம்.

ஏற்கெனவே இருக்கும் பேரினங்களை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். அவசரமாக ஒன்றோடொன்று இணைத்துவிடுவதையும் நான் ஆதரிக்கவில்லை. லாப்ரோராஸ்ட்ராடஸ், ஹீமட்டோக்ளெப்டிஸ், ஆலிகோக்னாதஸ் பெயர்கள் அவற்றின் முதல் மாதிரி இனங்களுக்கு இருக்கட்டும். அவற்றுள் புதிய இனத்தைச் சேர்ப்பவர் தகட்டு எண்ணிக்கையைக் காரணமாகக் காட்டாமல், துண்டுகளின் வடிவத்தையும் முதிர்ச்சி நிலையையும் கட்டாயம் எழுத வேண்டும். மரபணு வரிசை கிடைத்தால் அதையும். ஆலிகோக்னாதஸின் முதல் இனத்துக்கு நேப்பிள்ஸ் கடலிலும் லாப்ரோராஸ்ட்ராடஸின் முதல் இனத்துக்குப் பிரான்ஸின் வடமேற்குக் கரையிலும் புதிய மாதிரி தேடி, முதலில் விவரிக்கப்பட்ட இடத்திலிருந்தே அதே ஓம்புயிரில் எடுத்து, தாடையையும் டி.என்.ஏ.வையும் ஒரே புழுவிலிருந்து பதிவு செய்வதுதான் அடுத்து நடக்க வேண்டிய வேலை.